வெள்ளை ஸ்லேட்டின் மேல் ஒரு நண்டு

போன மாதம் நான் ரிட்டயர் ஆனபோது எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, கும்மிடிப்பூண்டி ஆபீஸ் மாடியில் பிரியாணியும் போட்டு அனுப்பிவைத்தீர்கள். அன்றைக்கே உங்களில் இரண்டு பேர் என்னைப் படிக்கட்டில் மடக்கிக்கொண்டீர்கள். "சார், டைவ் அடிக்கும்போது பார்க்கிற சின்னச் சின்ன நண்டுகளை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னு ஒரு பத்துப் பக்கம் எழுதிக் குடுங்க" என்றீர்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து எழுதினால் இரண்டாவது பக்கத்திலேயே சரக்கு தீர்ந்துபோயிற்று. ஓட்டின் விளிம்பில் எத்தனை பல், கண்களுக்கு நடுவே நெற்றி நேராக இருக்கிறதா வெட்டுப்பட்டிருக்கிறதா, கொடுக்கின் நுனி கறுப்பா வெளுப்பா, காலில் மயிர் உண்டா. இவ்வளவுதான். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் போனிலும் இருக்கிறது. கட்டைவிரல் நகமளவு நண்டைப் படம் பிடித்துக் காட்டினால் போனே பேர் சொல்கிறது. பாதி நேரம் தப்பாகச் சொல்கிறது, அது வேறு விஷயம்.

அதனால் நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, கேட்காத ஒன்றை எழுதுகிறேன். சந்தோஷமான கதை கிடையாது. ஒரு நல்ல மனிதர் என்னால் தன் ஊரில் பொய்யராகிப்போன கதை. முப்பது வருஷ வேலையில் நான் செய்த தப்புகள் நிறைய. பலவற்றைச் சொல்லிச் சிரித்துவிடலாம், இதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை.

நான் திருப்பாச்சூர்க்காரன். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பம்ப்செட் கிணற்றில் நீச்சல் பழகி, விலங்கியல் படித்து, அப்புறம்தான் கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் கடலை வேலை செய்கிற இடமாக யாரும் பார்த்ததில்லை. அதனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் எப்போதும் இருந்தது. இவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது எல்லாம் இதிலிருந்துதான் நடந்தது.

நம் கடல் ஆய்வு ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அலைத் தடுப்புக் கற்களுக்கு அடியில் ஒரு நண்டைப் பிடித்தேன். உடம்பெல்லாம் மயிர், மயிருக்கு மேல் பாசி, பாசிக்கு மேல் சேறு. எந்தப் புத்தகத்திலும் அந்த மாதிரி ஒன்று இல்லை. புதிய இனமேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அப்போது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மேடம் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் கடலில் முழங்கால் நனைத்ததுகூடக் கிடையாது. ஆனால் பாட்டிலில் செத்து வருகிற நண்டு எதுவானாலும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பேர் சொல்லிவிடுவார். என் நண்டை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய டூத்பிரஷ்ஷை எடுத்தார். பொறுமையாகத் தேய்த்தார். சேறு போயிற்று, பாசி போயிற்று, பாதி மயிரும் போயிற்று. கடைசியில் தட்டில் மிஞ்சியது எந்தக் கல்லைப் புரட்டினாலும் கிடைக்கிற சாதாரண நண்டு.

"வாழ்த்துகள்" என்றார் மேடம். "குளிக்காத நண்டு ஒண்ணைப் புதுசா கண்டுபிடிச்சிருக்கீங்க."

ஆய்வுக்கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. ஒரு மாதத்துக்கு என்னை எங்கே பார்த்தாலும் "இன்னா சார், குளிச்சாச்சா?" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல" என்றார். அது ஒன்று. "ஸ்பிரிட்ல போட்ட மறுநாளே நண்டோட கலர் போயிடும். அது எதுல உட்கார்ந்திருந்ததுன்னு அங்கேயே எழுதிடுங்க. பேரை நான் பார்த்துக்கறேன், விலாசத்தை நீங்கதான் தரணும்." இது இன்னொன்று. முதல் விஷயத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன், வேண்டியதற்கும் வேண்டாததற்கும். இரண்டாவதைத் தேவைப்பட்ட அன்றைக்குக் கோட்டைவிட்டேன்.

அதற்குப் பல வருஷம் கழித்து வந்த வேலை இது. ஒரு கம்பெனி தன் கப்பல் வழியை ஆழப்படுத்த வேண்டியிருந்தது. தோண்டுகிற சேற்றைக் கடலில் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். வரைபடத்தில் ஒரு சதுரக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதன் அடி முழுக்க மணல்தான், உயிர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியது எங்கள் வேலை. இறங்கிப் பார்க்க வேண்டிய ஆள் நான்.

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் ஒரு ஃபைபர் படகை வாடகைக்குப் பிடித்தோம். படகுக்காரர் பேர் தேசப்பன். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் என்னை சாரு என்பார். அதிகம் பேசாத மனிதர். காலையில் அவர் வீட்டில்தான் நாஷ்டா. அவர் மனைவி கௌரி இட்லியோடு நேற்றைய மீன் குழம்பை ஊற்றிக் கொடுப்பார், போதும் என்றால் கோபித்துக்கொள்வார்.

இரண்டு நாள் நான் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தேன். மணல், மணல், மறுபடி மணல். இரண்டாம் நாள் திரும்பும்போது தேசப்பன் மெதுவாகக் கேட்டார்.

"சாரு, இந்தக் கட்டத்துக்குள்ளதான் சேத்தக் கொட்டப் போறாங்களா?"

"ஆமாண்ணா. அடி முழுக்க மணல்னு படத்துல இருக்குது."

"படத்துல இருக்கும். அடியில இருக்கணுமே" என்றார். படகைக் கரையில் ஏற்றிய பிறகு என்னைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். "நாளைக்கு வராத சாரு. நாளன்னிக்கு வா. உன்னாண்ட ஒண்ணு காட்டணும். ஊர்ல கேக்காம காட்டக் கூடாது."

கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். மீன் கூடுகிற இடம் அது. எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பதை ஒரு ஊர்க்காரர் அடுத்த ஊருக்குச் சொல்ல மாட்டார். கட்டிக்கொடுத்த மருமகனுக்கே சொல்ல மாட்டார்கள். பார் மேல் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும்போது வேறு ஊர்ப் படகு வந்தால், இஞ்சினைக் கிளப்பிக்கொண்டு ஒன்றுமே இல்லாத இடத்துக்குப் போய் வலை விடுவதுபோல் பாவலா செய்வார்கள். அப்படிப்பட்ட ஒரு பாரைத்தான் கம்பெனி அனுப்பிய ஆளான எனக்குக் காட்ட வேண்டும் என்று தேசப்பன் ஊரிடம் கேட்டிருக்கிறார். ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். வேண்டாம் என்றவர்கள்தான் அதிகம். "காயிதத்துல ஏறினாத்தான் காப்பாத்த முடியும். அந்த சாரு நல்ல மாதிரி" என்று இவர் ஒற்றை ஆளாக நின்று அனுமதி வாங்கி வந்திருக்கிறார். இதை எனக்குச் சொன்னது கௌரி. சொல்லிவிட்டு, "எங்க ஊட்டு ஆளு உன்ன நம்பி ஊரு வாய்ல தலையக் குட்த்துகினு கீறாரு சாரு. பாத்து எழுது" என்றார்.

சொன்ன நாளில் தேசப்பன், இடத்துக்கு அடையாளமாக அனல் நிலையத்துப் புகைபோக்கியையும் கலங்கரை விளக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி படகை ஓட்டினார். ஓரிடத்தில் இஞ்சினை நிறுத்தினார். "இங்கதான். எறங்கு" என்றார்.

இறங்கினேன். நம் கடல் உங்களுக்குத் தெரியும், நீட்டிய கை தெரிந்தால் அன்றைக்கு நல்ல நாள். தடவிக்கொண்டே போனதில் முதலில் பாறை தட்டுப்பட்டது. அப்புறம் கடற்பஞ்சு, விசிறிப் பவளம். அதற்கப்புறம் முகத்துக்கு நேரே, ஒரு காலிஃபிளவர் அளவுக்குக் கிளை கிளையாகப் பவளம். உயிருள்ள பவளம். விளக்கை அடித்தேன். கிளைகளுக்கு நடுவில் இரண்டு நண்டுகள் உட்கார்ந்திருந்தன. கட்டைவிரல் நகமளவுகூட இல்லை. செம்மஞ்சள் நிறம், ஓடு வழவழவென்று எண்ணெய் தடவினதுபோல. விரலைக் கிட்டே கொண்டுபோனேன். ஓடி ஒளியவில்லை. ஒன்று முன்னால் வந்து கொடுக்கால் என் விரலைத் தள்ளியது, இது எங்கள் இடம், போய்யா என்கிற மாதிரி.

இந்த நண்டை உங்களுக்குத் தெரியும். உயிருள்ள பவளத்தை விட்டு அது வாழாது. பவளம் சுரக்கிற வழவழப்புதான் அதற்குச் சாப்பாடு. பவளத்தைத் தின்ன நட்சத்திர மீன் வந்தால் இது கிள்ளி விரட்டும். ஆணும் பெண்ணுமாகத்தான் இருக்கும். இந்த நண்டு இருக்கிறது என்றால் பவளம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பவளம் இருக்கிற இடத்தில் சட்டப்படி யாரும் சேற்றைக் கொட்ட முடியாது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். கிளைகளுக்குள் இருந்த நண்டைக் கேமரா பிடிக்க மறுத்தது. முன்னால் இருக்கும் கிளைதான் தெளிவாக விழுந்தது. நம் வேலையில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பென்சிலால் ஒரு நண்டை மெல்ல நெம்பி வெளியே எடுத்து, நாம் குறிப்பு எழுதுகிற வெள்ளை ஸ்லேட்டின் மேல் வைத்துப் படம் எடுத்தேன். கல்யாண ஆல்பத்தில் போடலாம், அவ்வளவு நல்ல படம். எடுத்து பாட்டிலில் போட்டேன். அப்புறம் பவளத்தைப் படம் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் என் கால் துடுப்பு பட்டு அடியிலிருந்த சேறு கிளம்பிவிட்டது. எடுத்த நாலு படத்திலும் பழுப்புக் கலங்கல்தான். காற்று தீர்ந்துகொண்டிருந்தது. ஸ்லேட்டில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். நண்டை வைத்த இடத்தில் எழுத இடமில்லை, மேலே போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மேலே வந்ததும் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கிவிட்டு, "இருக்குதுண்ணா! உயிரோட இருக்குது! ரெண்டு நண்டு இருக்குது!" என்று கத்தினேன். தேசப்பன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கையைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார். மறுநாள் மறுபடி இறங்கிப் படம் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. மறுநாள் வாடைக்காற்று கிளம்பிவிட்டது. இரண்டு வாரம் கடலுக்குள் போக முடியவில்லை. அதற்குள் அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

ஆபீஸில் என் மேலாளர் படங்களைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "இந்தக் கலங்கல் கடல்ல பவளமா? கம்பெனியோட நிபுணர் வாய்விட்டுச் சிரிப்பாருய்யா" என்றார். "நண்டு எதுல உட்கார்ந்திருக்கு? உன் ஸ்லேட்டுல. சாதாரணக் கல்லுக்கு அடியிலயும்தான் செவப்பு நண்டு இருக்குது. பவளம் படத்துல எங்க? உறுதியா சொல்லுவியா? சொல்லு, எழுதிடலாம்."

அவர் தடுக்கவே இல்லை. சொல்லு, எழுதிடலாம் என்றுதான் சொன்னார். சிரிப்பார் என்ற ஒரு வார்த்தைதான் என் காதில் விழுந்தது. பாட்டிலிலிருந்த நண்டு அதற்குள் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டிருந்தது. மேடம் பக்கத்து அறையில்தான் இருந்தார். பத்தே அடி. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன். உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். பாட்டிலை அலமாரியில் வைத்தேன். அதன் சீட்டில் தேதி மட்டும் இருந்தது, பிடித்த இடம் எழுதவில்லை.

அறிக்கையில் இப்படி எழுதினேன்: சிறு நண்டு ஒன்று சேகரிக்கப்பட்டது, இனம் உறுதிசெய்யப்படவில்லை. பவளம் இருப்பதற்குப் போதிய சான்று இல்லை. எழுதிவிட்டு, தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன், மேடம் சொன்னதும் இதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் இல்லை. என் விரலை அது தள்ளியிருக்கிறது. கண்ணால் பார்த்ததற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினால், படிக்கிறவர் அங்கே ஒன்றுமில்லை என்றுதான் படிப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

மீஞ்சூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். குப்பத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் கௌரி. மேடைக்குப் பக்கவாட்டில், கம்பெனி ஆட்களுக்குப் போட்ட நாற்காலியில் நான். தேசப்பன் மைக்கைப் பிடித்தார். பழக்கமில்லாததால் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"ஐயா, நீங்க கொட்டப் போற எடத்துல எங்க பாரு கீது. பூக்கல்லு, நீங்க சொல்ற பவளம், உசுரோட கீது. நான் சும்மா சொல்லல. தோ, அங்க உக்காந்துகினு கீறாரே, அந்த சாரு உள்ள எறங்கிக் கண்ணால பாத்தாரு. அவரையே கேளுங்க."

மேடையிலிருந்த அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எழுந்து நின்றேன். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. கம்பெனியின் நிபுணர் கையைக் கட்டிக்கொண்டு லேசாகப் புன்னகைத்தார்.

"உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை, சார். அறிக்கையில் உள்ளதுதான்" என்றேன்.

தேசப்பனுக்குப் புரியவில்லை. நான் ஏதோ முறைக்காக அப்படிச் சொல்கிறேன், இனிமேல்தான் உண்மையைச் சொல்வேன் என்று நினைத்துவிட்டார். "சான்றெல்லாம் வுடு சாரு. பாத்தியா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தைதான் பதில். அது என் வாயில் இருந்தது. "அறிக்கையில் உள்ளதுதான்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "டப்பு வாங்கிகினு பார காட்டிக் குட்த்துட்டு இப்ப டிராமா போடறியா?" அதற்கப்புறம் யார் யாரோ கத்தினார்கள். தேசப்பன் மைக்கைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கௌரி என்னைப் பார்க்கவில்லை. அவர் தன் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் கழித்து, மேடம் ஓய்வு பெறப்போகிறார் என்று அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டில் அவர் கையில் கிடைத்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது பவளத்துல மட்டும் இருக்கிற நண்டாச்சே. எங்க கிடைச்சது? சீட்டுல இடமே காணோம்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பக்கத்து ரூம்லதானே இருந்தேன். ஏன் காட்டல?"

"டூத்பிரஷ் ஞாபகம் வந்துடுச்சு மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்ப இதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். உங்களில் சிலர் இன்னும் ஐந்தாறு வருஷத்தில் சீனியர் ஆகிவிடுவீர்கள். புதிதாக வருகிறவன் தப்பு செய்தால் திருத்துங்கள், திட்டக்கூடத் திட்டுங்கள். எல்லோர் முன்னாலும் சிரிக்காதீர்கள். அவன் அடுத்த பாட்டிலை உங்களிடம் கொண்டுவர மாட்டான்.

அன்றே நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கூட்டம் நடத்திய அதிகாரிக்குத் திருத்தக் கடிதம் ஒன்று அனுப்பினோம். பதில் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நீங்களே உறுதியில்லை என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள், இடம் எழுதாத பாட்டிலைப் புதிய சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நாலு வரி. அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை. நான் குப்பத்துக்குப் போய், தேசப்பன் சொன்னது நிஜம் என்று ஊர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். கடிதம் எழுதியதோடு கடமை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டேன். கடிதம் எழுதுவதற்கு யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கொட்ட ஆரம்பித்தார்கள். கொட்டிய பிறகு அடி எப்படி இருக்கிறது என்று பார்க்கிற வேலையும் நமக்கே வந்தது. நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். படகு வேறு ஒருவருடையது. தேசப்பன் பார்த்த அதே புகைபோக்கி, அதே கலங்கரை விளக்கம், அதே இடத்தில் இறங்கினேன். அடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கையை விட்டேன், முழங்கை வரைக்கும் களி. அதற்குக் கீழேயும் களிதான். நீருக்குள் அழுதால் முகமூடிக்குள்தான் தேங்கும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

குப்பத்தில் நடந்ததெல்லாம் அந்தப் படகுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பழவேற்காடு ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு ஊரில் முறை வைத்திருப்பார்கள், பாடு என்பார்கள். இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று. பாரை விற்றுவிட்டு நாடகமாடினான் என்று தேசப்பனை ஒரு வருஷம் அந்த முறையிலிருந்து தள்ளிவைத்துவிட்டார்கள். அவர் படகை விற்றுவிட்டு தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஏதோ ஒரு ஃபேக்டரியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டாராம். கேட்டுக்கொண்டேன். போய்ப் பார்க்கவில்லை. தேர்வாய் கண்டிகை நம் ஆபீஸிலிருந்து பைக்கில் போகிற தூரம். இத்தனை வருஷம் போகவில்லை.

நீங்கள் எனக்கு மாலை போட்ட மறுநாள் காலை போனேன். நாலு ஃபேக்டரி வாசலில் விசாரித்ததில் ஐந்தாவதில் இருந்தார். நீலச் சட்டை, தோளில் பட்டை, கழுத்தில் விசில். தலை முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"சாரு! இன்னா இந்தப் பக்கம்? குந்து, குந்து" என்று தன் நாற்காலியைத் தள்ளிவிட்டு, எதிர்க் கடையில் டீ சொன்னார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "நான் பார்த்தேண்ணா. உயிரோட இருந்துச்சு. அன்னிக்கு மண்டபத்துல நான்தான் பொய் சொன்னேன்."

"எனக்குத் தெரியுமே சாரு" என்றார். "மேல வந்ததும் நீ கத்துன பாரு, அது இன்னும் காதுலயே கீது."

"ஊருக்கு வர்றேண்ணா. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"ஊரா? ஊரு அத்த எப்பவோ மறந்துட்ச்சு. ஒரு வருசத்துல பாடும் திரும்பக் குட்த்துட்டாங்க. எனக்குத்தான் தண்ணியில எறங்க மனசு வரல. இப்ப பாதி ஊரு என் கூடவேதான் கம்பெனி பஸ்ல வந்துகினு கீது." டீ வந்தது. என் கையில் டம்ளரைக் கொடுத்தார்.

"அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"போயிட்டா சாரு. போன ஆடியில. கிட்னி."

அவரே பேசினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஊரு நம்பலன்னா போவுது. அவளும் நம்பல சாரு. மண்டபத்துல நீ உக்காந்தப்பவே அவளுக்கு சந்தேகம் வந்துட்ச்சு. சண்ட கிண்ட ஒண்ணும் போடல. எப்பனாச்சும் கேப்பா. மெய்யாலுமே அந்த ஆளு பாத்தாரா, இல்ல பார காப்பாத்தணும்ற ஆசையில நீயா சொன்னியான்னு. பாத்தாருடின்னு சொல்லுவேன். சரின்னுவா. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி கேப்பா. ஆஸ்பத்திரில படுத்துகினு கேட்டா. எங்கிட்டயாவது நெஜத்த சொல்லுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் இட்டுக்கட்டிச் சொன்னேன்னு சொல்லிட்டேன் சாரு. அந்த ஆளு ஒண்ணும் பாக்கல, ஆசையில சொல்லிட்டேன்னேன். நெஜத்த இத்தினி வருசம் சொன்னேன், நம்பல. பொய்ய ஒரு தபா சொன்னேன், ஒடனே நம்பிட்டா. போவுது வுடுன்னு என் கைய புட்ச்சிகினா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. தேசப்பன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார். டீ ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

நண்டு அடையாளக் குறிப்பு கேட்டீர்கள். அந்த இரண்டு பக்கத்தையும் இதோடு இணைத்திருக்கிறேன், உங்களுக்குப் பயன்படும். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த ஒருவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை, அதனால் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்கள் புருஷன் பொய் சொல்லவில்லை, அண்ணி. நான் பார்த்தேன். இரண்டு நண்டுகள் இருந்தன.